மெயின் வால்வு எங்கே இருக்கிறது?

மூன்று நாள் வெளியூர் போய்விட்டு ராத்திரி பத்தரை மணிக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தால், வீட்டுக்குள் மழை பெய்கிற சத்தம். வெளியே மழை இல்லை, கடுங்குளிர், வாசலில் கிடந்த பனி கல்லாக இறுகியிருந்தது. ஒரு நொடி எனக்கு எதுவுமே புரியவில்லை. அப்புறம் காலுறையில் ஈரம் ஏறியது. சமையலறை சிங்க்குக்குக் கீழே இருக்கிற அலமாரியின் கதவுகள் தண்ணீரின் வேகத்தில் தாமாகத் திறந்து கிடந்தன, உள்ளே சுவரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது, தரைப்பலகைகளின் இடுக்கு வழியாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீரை நிறுத்தினால் போதும். ஆனால் எங்கே நிறுத்துவது? சிங்க்குக்குக் கீழே இருந்த சின்னத் திருகை மூடிப் பார்த்தேன், உடைப்பு அதற்கு முன்னாலேயே சுவருக்குள் இருந்ததால் பயனில்லை. வீட்டுக்காரருக்கு இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. குளியலறை, ஹீட்டர் இருக்கும் மூலை, மாடிப்படிக்கு அடியில் என்று டார்ச்சை வைத்துக்கொண்டு அலைந்தேன். என் மனைவி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அந்தப் பெரியவரைக் கூட்டிவந்தாள். அவருக்கும் இந்த வீட்டில் எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஆனால் தெருப்பக்கச் சுவரில்தான் குழாய் உள்ளே நுழையும் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. கீழ்த்தளத்தில் அந்தச் சுவரை ஒட்டி ஒரு மர அலமாரி, அதை நகர்த்தினால் பின்னால் ஒரு பலகை, பலகைக்குப் பின்னால் துருவேறிய மெயின் வால்வு. கையால் திருகினால் அசையவில்லை. அவர் வீட்டிலிருந்து ஸ்பானர் கொண்டுவந்து இரண்டு பேருமாகத் திருகி மூடினோம். நாங்கள் வீட்டுக்குள் வந்ததிலிருந்து அதற்குள் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

வாடகை வீட்டில் குளிர்காலச் சேதம் என்றதும் பேச்சு நேராக ஒரே இடத்துக்குப் போய்விடும்: காசு யார் கொடுப்பது? நானும் ஒரு வருடம் அதைப் பற்றித்தான் வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டினேன். இப்போது என் மனதில் நிற்பது அந்த நாற்பது நிமிடம். குழாய் வெடித்ததற்கு யார் பொறுப்பு என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் பேச இடமிருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் இரண்டு குளிர்காலம் குடியிருந்த ஒருவனுக்கு மெயின் வால்வு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் இருந்ததே, அது எப்படி? அவர் காட்டவில்லை, நான் கேட்கவில்லை. அந்த நாற்பது நிமிடத்துச் சேதத்தையாவது தவிர்த்திருக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் வந்தார். நல்ல மனிதர்தான், எங்களைவிட இருபது வயதாவது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். உள்ளே வந்து ஈரத் தரையைப் பார்த்தார், சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டைப் பார்த்தார், "தம்பி, ஹீட்டரக் கொறச்சு வச்சுட்டுப் போயிட்டீங்களே, அதான்" என்றார். பதினைந்து டிகிரியில் வைத்துவிட்டுப் போயிருந்தேன், அணைக்கவில்லை. "பதினஞ்சுல வச்சிருந்தேண்ணே" என்றேன். "பத்தாதுல்ல" என்றார். அவர் மனதில் வழக்கு அத்தோடு முடிந்துவிட்டது.

குழாய் ஏன் வெடிக்கிறது என்பதை அதற்கப்புறம்தான் படித்தேன், முன்பே படித்திருக்க வேண்டும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். அந்த ஐஸ் பெருத்துக் குழாயைப் பிளக்கிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம், ஆனால் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. குழாய்க்குள் ஓரிடத்தில் ஐஸ் அடைப்பு போலப் பிடித்துக்கொள்கிறது, அது வளர வளர, அடைப்புக்கும் மூடியிருக்கும் திருகுக்கும் நடுவில் சிக்கிய தண்ணீருக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, எங்கே பலவீனமோ அங்கே கிழிகிறது. அதனால்தான் ஐஸ் ஓரிடத்தில் இருக்கும், உடைப்பு இன்னோரிடத்தில் இருக்கும். கடுங்குளிர் ராத்திரியில் குழாயை நூல் மாதிரி லேசாகத் திறந்துவிடச் சொல்வதும் இதனால்தான்: அந்தச் சொட்டு அழுத்தத்தை வெளியே விட்டுவிடுகிறது. இன்னொன்று, உறைந்திருக்கும்வரை உடைப்பு வெளியே தெரியாது, ஐஸே தக்கை மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும். இளகும்போதுதான் தண்ணீர் கொட்டும். அன்று மதியம் கொஞ்சம் வெயில் அடித்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். குழாய் முந்தின ராத்திரியே கிழிந்திருக்க வேண்டும்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆராய்ச்சிக்காரர்கள் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். குளிர் தாக்காமல் தடுக்கும் காப்பு எதுவும் சுற்றப்படாமல் சூடில்லாத இடத்தில் ஓடும் குழாய், வெளியே ஏறக்குறைய மைனஸ் 7 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும்போது உறையத் தொடங்குகிறது என்று கண்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, குழாய் எந்த இடத்தில் ஓடுகிறது, காப்பு இருக்கிறதா இல்லையா என்பதுதான். நடு அறையின் தெர்மோஸ்டாட் பதினைந்து காட்டினாலும், வெளிச்சுவரின் பொந்துக்குள், மூடிய அலமாரிக் கதவுக்குப் பின்னால் ஓடும் குழாய்க்கு அந்தச் சூடு போய்ச் சேராது. அலமாரிக் கதவைத் திறந்துவைத்திருந்தால் கொஞ்சம் போயிருக்கும். இதை எனக்கு யாராவது சொல்லியிருந்தால் திறந்துவைத்துவிட்டுப் போயிருப்பேன், அதற்கு என்ன செலவு?

பிளம்பர் வந்து சுவரை அறுத்துத் திறந்தபோது நானும் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பொந்துக்குள் காப்புப் பஞ்சு ஒரு பிடிகூட இல்லை, வெளிப்பலகையின் இடுக்கில் பகல் வெளிச்சமே தெரிந்தது. குழாய் கருத்துப்போன பழைய செம்புக் குழாய். அதன் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வேறு நிறம், இளஞ்சிவப்பாக, இரண்டு முனையிலும் ஈயம் வைத்து ஒட்டிய வளையங்கள். பிளம்பர் விரலால் அந்த வளையத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது முன்னாடியே ஒருதடவ வெடிச்சு ஒட்டுப்போட்டது சார்" என்றார். இப்போது கிழிந்தது அந்த ஒட்டிலிருந்து நாலு விரல் தள்ளி. கிழிசல் நீளவாக்கில், வாய் பிளந்த மாதிரி, உதடுகள் வெளிப்பக்கம் மடங்கியிருந்தன. போட்டோ எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் காட்டினேன். "அது நான் இந்த வீட்ட வாங்கறதுக்கு முன்னாடி நடந்திருக்கும் தம்பி, எனக்குத் தெரியாது" என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது? ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் பல நாடுகளின் விதிகளை எடுத்துப் பார்த்தால் ஒரு கோடு திரும்பத் திரும்ப வருகிறது. வீடு, அதன் சுவர், கூரை, குழாய், ஹீட்டர் எல்லாம் கொடுத்தவர் பொறுப்பு, அதைப் பொறுப்பாகப் பயன்படுத்துவது குடியிருப்பவர் பொறுப்பு. இங்கிலாந்தின் 1985-ஆம் வருட நிலக்கிழார்–குத்தகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. ஏழு வருடத்துக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தங்களில் கட்டமைப்பு, வெளிப்புறம், மழைநீர்க் குழாய்கள், தண்ணீர், கேஸ், மின்சார இணைப்புகள், அறையைச் சூடாக்கும் ஏற்பாடு இவற்றைப் பழுதில்லாமல் வைத்திருப்பது வீட்டுக்காரர் கடமை. நீ பார்த்துக்கொள் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அவர் இதிலிருந்து கழன்றுகொள்ள முடியாது.

குடியிருப்பவர் பக்கத்துக்கு 1953-ல் இங்கிலாந்து நீதிபதி டென்னிங் சொன்னதைத்தான் இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். குளிர்காலத்தில் வெளியூர் போவதானால் தண்ணீரை மூடிவிட்டு பாய்லரைக் காலிசெய்துவிட்டுப் போக வேண்டும், அடைத்துக்கொண்ட சிங்க்கைச் சரிசெய்ய வேண்டும், இப்படி ஒரு பொறுப்பான ஆள் தன் வீட்டில் செய்யும் சில்லறை வேலைகளைச் செய்ய வேண்டும் என்றார். இதை மட்டும் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது, நான் தண்ணீரை மூடிவிட்டுப் போகவில்லையே. ஆனால் 1982-ல் அதே இங்கிலாந்தில் வந்த இன்னொரு வழக்கு கிட்டத்தட்ட என் கதை. குடியிருந்தவர் ஓரிரு நாள் வீட்டில் இல்லை, கடுங்குளிர், குழாய் உறைந்து வெடித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் தவறு செய்யவில்லை என்றது. எவ்வளவு குளிர், எத்தனை நாள் ஆள் இல்லை, வீட்டுக்குள் சூடாக்கும் வசதி எப்படி, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், குறுகிய நாள் வெளியே போகிற ஒவ்வொருவரும் குழாய்க்குத் துணி சுற்றி, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மூன்று மாதம் போகிறவருக்கும் மூன்று நாள் போகிறவருக்கும் ஒரே அளவுகோல் இல்லை. சரியான பார்வை என்றுதான் எனக்குப் படுகிறது, எனக்குச் சாதகம் என்பதற்காகச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிக்கொண்டு, பில் மிச்சமாகட்டும் என்று ஹீட்டரை அணைத்துவிட்டுப் போனவருடைய சேதத்தை வீட்டுக்காரர் தலையில் கட்டினால் அது அநியாயம்.

இனி என் பக்கத்துத் தவறு. முந்தின குளிர்காலத்தில் ஒருநாள் காலையில் அந்தச் சமையலறைக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. மதியத்துக்குள் சரியாகிவிட்டது. சிங்க்குக்குக் கீழே அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் கணுக்காலில் சில்லென்று காற்று அடிக்கும். "இங்கேர்ந்து காத்து வருது, அவர்ட்ட சொல்லுங்க" என்று மனைவி இரண்டு மூன்று தடவை சொன்னாள். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்றால், அவர் வேறு ஏதோ வேலையாக வந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, "அண்ணே, கிச்சன்ல கொஞ்சம் காத்து வருது" என்றேன். "பாத்துக்கலாம் தம்பி" என்றார். அவ்வளவுதான். எழுத்தில் ஒரு வரி இல்லை, தேதி இல்லை, தண்ணீர் நூலாக வந்ததை நான் சொல்லவே இல்லை. பின்னால் கேட்டபோது அப்படி ஒரு பேச்சே நடந்ததாக அவருக்கு நினைவில்லை. பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. செருப்பு மாட்டும்போது காதில் விழுந்த ஒன்றை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

இது சின்ன விஷயம் இல்லை. இங்கிலாந்தில் ஒரு வீட்டின் சீலிங் இடிந்து விழுந்து குடியிருந்தவர்களுக்குக் காயம், வழக்கு அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் 1973-ல் முடிந்தது. வீட்டுக்குள் இருக்கும் பழுது வீட்டுக்காரருக்குத் தெரிந்தால்தான் அதைச் சரிசெய்யும் கடமை தொடங்குகிறது, தெரியாத பழுதுக்கு அவரைப் பிடிக்க முடியாது என்று தீர்ப்பானது. குடியிருப்பவர்தான் உள்ளே இருக்கிறார், அவர் சொல்லாமல் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும் என்பது அதன் நியாயம். பல நாடுகளிலும் பழுதுபார்க்கும் கெடு, தெரிவித்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். ஆகவே குளிர் தொடங்கிய பிறகு கண்ணில் படுகிற எதையும், கசிவு, சுவரில் ஈரத்திட்டு, ஜன்னல் மூலையில் ஐஸ், நூலாக வரும் குழாய், அன்றைக்கே ஒரு மெசேஜில் போட்டோவோடு அனுப்பிவிடுங்கள். உறவு கெட்டுவிடும் என்று தயங்குகிறோம். தெரிவிக்காமல் விட்டால்தான் கெடுகிறது, என் அனுபவம் அதுதான்.

ஆனால் தெரிவித்துவிட்டால் மட்டும் எல்லாம் நடந்துவிடுகிறதா என்றால், அதற்கு நெஞ்சைப் பிசைகிற பதில் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில், குறைந்த வாடகைக்குப் பொது அமைப்புகள் கொடுக்கும் சமூகக் குடியிருப்பு ஒன்றில் அவாப் இஷாக் என்ற குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. இரண்டு வயது முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வீட்டுச் சுவர்களில் படர்ந்த பூஞ்சையை நீண்ட காலம் சுவாசித்ததால் வந்த மூச்சுக்குழல் பாதிப்புதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி சொன்னார். அப்பா 2017-லேயே புகார் செய்திருக்கிறார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குடும்பம் வாழும் முறைதான் காரணம் என்றும் பேசப்பட்டிருக்கிறது. இதைப் படித்த அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. அந்தக் குழந்தையின் பெயரிலேயே வந்த விதி 2023-ஆம் வருடச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2025 அக்டோபர் 27 முதல் அங்கே சமூகக் குடியிருப்புகளில் நடைமுறைக்கு வந்திருக்கிறது: உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடி ஆபத்தான அவசரப் பழுது என்றால் 24 மணி நேரத்துக்குள் பாதுகாப்பு ஏற்பாடு, மோசமான ஈரமும் பூஞ்சையும் என்றால் 10 வேலை நாட்களுக்குள் வந்து ஆராய வேண்டும்.

குளிர்காலப் பூஞ்சைதான் குழாய் வெடிப்பைவிடக் குழப்பமான வழக்கு, ஏனென்றால் அதில் இரண்டு பேருடைய கையும் நிஜமாகவே இருக்கிறது. அறை இருபது டிகிரி, காற்றில் ஈரப்பதம் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காற்று ஒன்பது டிகிரிக்கு அருகில் இருக்கும் ஒரு பரப்பில் பட்டால் வேர்க்கத் தொடங்கிவிடும். ஜன்னல் ஓரம், வெளிச்சுவரின் மூலை, சுவரை ஒட்டிப் போட்ட பீரோவின் முதுகு, எங்கெல்லாம் சூடு போய்ச் சேராதோ அங்கெல்லாம். பூஞ்சைக்கு அப்படிச் சொட்டச் சொட்ட ஈரம்கூட வேண்டாம், பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றாலே பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குள் துணி காயப்போட்டு, குளித்துவிட்டு ஜன்னலைத் திறக்காமல், குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக மூடிவைத்தால் ஈரம் ஏறும், அது குடியிருப்பவர் கை. சுவரில் காப்பில்லை, காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி வேலை செய்யவில்லை, கூரை ஒழுகுகிறது என்றால் அது வீட்டுக்காரர் கை.

ஜெர்மனியில் இதற்கென்றே வழக்குகள் குவிந்து கிடக்கின்றன. வீட்டில் குறை இருந்தால் வாடகையே சட்டப்படி குறையும் என்பது அங்கே சிவில் சட்டத்தின் 536-ஆம் பிரிவு, ஆகவே குறை என்பது எது என்ற கேள்வி பெரிதாகிறது. 2018 டிசம்பரில் அந்நாட்டின் உச்ச சிவில் நீதிமன்றம் வீட்டுக்காரர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. 1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் கட்டிய வீடுகளில் சுவர் மூலை குளிர்ந்து பூஞ்சை வரும் அபாயம் இருந்தாலும், கட்டிய காலத்து விதிப்படி கட்டப்பட்டிருந்தால் அதையே குறை என்று சொல்ல முடியாது, குடியிருப்பவர் சூடாக்கி, ஜன்னலைத் திறந்து காற்றாட விடவேண்டும் என்றது. சட்டமாக இது சரியாக இருக்கலாம். ஆனால் ஒரு வீட்டில் சாதாரணமாக வாழ்ந்தாலே பூஞ்சை பிடிக்கும் என்றால், அந்த வீட்டை இப்படித்தான் கையாள வேண்டும் என்று சாவி கொடுக்கும்போதே சொல்லித்தர வேண்டாமா? எத்தனை தடவை ஜன்னல் திறக்க வேண்டும், எந்தச் சுவரை ஒட்டி பீரோ போடக்கூடாது என்று தெரிந்தவர் சொல்லவில்லை என்றால், தெரியாதவர் மேல் எப்படிப் பழி போட முடியும்? என் ஆதங்கம் திரும்பத் திரும்ப இங்கேதான் வந்து நிற்கிறது.

ஹீட்டர் விஷயத்தில் ஓரளவு தெளிவு இருக்கிறது, எண்ணாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். நியூயார்க் நகரில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை ஆறு முதல் இரவு பத்து வரை, வெளியே ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே குறைந்தது 20 டிகிரி இருக்க வேண்டும், ராத்திரியில் வெளியே எப்படி இருந்தாலும் ஏறக்குறைய 17. கனடாவின் ஒண்டாரியோ மாகாண விதியில் செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை 20 டிகிரி. குடியிருப்பவர் வாடகை பாக்கி வைத்திருந்தாலும் சூட்டை நிறுத்த முடியாது. வீட்டுக்குள் ஒரு வெப்பமானியை வைத்து, குளிராக இருக்கும் நாளில் நேரத்தோடு எழுதிவைத்தால் வீடு ரொம்பக் குளிருது என்ற புலம்பல் ஒரு புகாராக மாறிவிடும்.

வாசலில் பனி அள்ளுவது தனி ரகளை. நீங்களே அள்ளிக்கொள்ளுங்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் முடிந்தது என்று நினைக்கும் வீட்டுக்காரர்கள் நிறைய. ஒண்டாரியோவில் கீழ்த்தள வீட்டில் வாடகைக்கு இருந்த ஒரு பெண் வெளியே ஐஸில் வழுக்கி விழுந்து வழக்குப் போட, 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படி ஒரு வரியால் வீட்டுக்காரரின் சட்டக் கடமை போய்விடாது என்று சொல்லிவிட்டது. அந்த வேலையைக் குடியிருப்பவர் செய்ய வேண்டுமென்றால் அது கூலி பேசிய தனி ஒப்பந்தமாக நிற்க வேண்டும். தனி வீட்டை முழுதாக எடுத்திருப்பவருக்கு வேறு ஊர்களில் வேறு விதி இருக்கும், ஒப்பந்தத்தையும் ஊர் விதியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கூரையில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஓரத்தில் தொங்கும் ஐஸ் ஊசிகளைப் பார்த்து அழகாக இருக்கிறதே என்று போட்டோ எடுப்பவர்கள் பலர், நானும் எடுத்திருக்கிறேன். வீட்டின் சூடு கூரைக்குள் கசிந்து மேலே கிடக்கும் பனியை இளக்குகிறது, அந்தத் தண்ணீர் வழிந்து குளிர்ந்த ஓரத்துக்கு வந்ததும் மறுபடி உறைகிறது, அடுக்கடுக்காக ஒரு அணையே கட்டிக்கொள்கிறது, பின்னால் தேங்கும் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து சீலிங்கில் பழுப்பு வட்டமாக இறங்குகிறது. பெரிய ஐஸ் ஊசிகள் தொங்கினால் கூரைக்குள் சூடு கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். சரிசெய்ய வேண்டியது வீட்டுக்காரர், முதலில் கண்ணில் படுவது குடியிருப்பவருக்கு. அந்தப் போட்டோவை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

காப்பீட்டைப் பற்றி நான் பாடம் படித்தது நனைந்த புத்தகங்களை வெயிலில் விரித்துவைத்த பிறகுதான். வீட்டுக்காரரின் காப்பீடு கட்டடத்துக்கு. என் புத்தகம், கணினி, மெத்தை எதற்கும் அதில் ஒரு பைசா கிடையாது. அதற்குக் குடியிருப்பவர் தனியாக எடுக்க வேண்டும், நான் எடுத்திருக்கவில்லை. அந்தப் பத்திரத்தையும் வரிவரியாகப் படிக்க வேண்டும். கனடாவில் பல பாலிசிகளில், குளிர்காலத்தில் தொடர்ந்து நான்கு நாட்களுக்கு மேல் வீட்டில் ஆளில்லை என்றால் யாராவது தினமும் வந்து ஹீட்டர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரை மூடிக் குழாய்களை வடித்திருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் உறைந்து வெடித்த சேதத்துக்குப் பணம் வராது. வெளியூர் போகும் முன் ஒரு நண்பரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவது அதற்கும் உதவும். நாங்கள் சாவி கொடுத்திருந்தால், மதியமே தெரிந்திருக்கும்.

இரண்டு பேர் மேலும் தவறில்லாத சேதமும் உண்டு. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் அடித்த குளிர்ப்புயலில் மின்சாரமே போய், லட்சக்கணக்கான வீடுகள் சூடில்லாமல் கிடந்தன, குழாய்கள் வரிசையாக வெடித்தன. தெர்மோஸ்டாட்டை எத்தனையில் வைத்திருந்தால் என்ன, கரண்டே இல்லை. அங்கே சட்டத்தில் விபத்துச் சேதத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது: வீடு நடைமுறையில் இருக்கவே முடியாதபடி ஆகி, குடியிருப்பவர் அதற்குக் காரணமில்லை என்றால் இருவரில் யாரும் எழுத்தில் சொல்லி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். ஒரு பகுதிதான் போனது என்றால் அந்த அளவுக்கு வாடகைக் குறைப்பு கேட்கலாம், ஆனால் அதற்கு நீதிமன்றம் போய் வாங்க வேண்டும். நீதிமன்றம் வரை போகத் தெம்பு எத்தனை பேருக்கு இருக்கும்?

எங்கள் கதை நீதிமன்றம் போகவில்லை. முதலில் தரை மாற்றும் செலவை அட்வான்ஸில் கழிப்பேன் என்றார். நான் ஒரு கடிதம் எழுதினேன், நாலு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டு ஒரு பக்கமாக: கிளம்பிய தேதி, திரும்பிய தேதி, தெர்மோஸ்டாட் எண், சுவருக்குள் காப்பில்லாத போட்டோ, பழைய ஒட்டின் போட்டோ, பிளம்பர் கையெழுத்துப் போட்ட குறிப்பு. காற்று வந்ததை எழுத்தில் சொல்லாதது என் தவறு என்றும் எழுதினேன். மனைவி, "அத ஏன் எழுதறீங்க, உங்களுக்கே எதிராப் போகும்" என்றாள். போகவில்லை. பத்து நாள் கழித்துப் போன் வந்தது. குழாய், சுவர், தரை எல்லாம் அவருடைய பொறுப்பு, எங்கள் சாமான்கள் எங்கள் பொறுப்பு என்று பேசி முடித்தோம். அந்தச் சுவருக்குள் பஞ்சு அடைக்கும்போது நானே போய்ப் பிடித்துக்கொடுத்தேன்.

அடுத்த வருடம் வேறு காரணத்துக்காக அந்த வீட்டை விட்டோம். காலி செய்யும் வாரத்தில், புதிதாக வரப்போகிற பெண் தன் அம்மாவோடு வீடு பார்க்க வந்தாள், வீட்டுக்காரரும் கூடவே வந்திருந்தார். நான் அவர்களைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனேன். மர அலமாரியை நாங்கள் அப்போதே எடுத்துப் போட்டுவிட்டிருந்தோம், வால்வு மாற்றிப் புதிதாக இருந்தது, நான் அதில் ஒரு சிவப்புத் துணி கட்டிவைத்திருந்தேன். "இதத் திருகினா மொத்த வீட்டுக்கும் தண்ணி நின்னுடும்மா, ஒருதடவ நீங்களே திருகிப் பாருங்க" என்றேன். அவள் திருகிப் பார்த்தாள், போட்டோ எடுத்துக்கொண்டாள். மேலே வந்து சிங்க்கின் கீழ் அலமாரியைத் திறந்து காட்ட நான் குனிவதற்குள் வீட்டுக்காரரே முன்னால் வந்து கதவைத் திறந்தார்.

"ரொம்பக் குளிர்ற நாள்ல இந்தக் கதவத் திறந்தே வச்சிரும்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். "இது ரெண்டுதடவ வெடிச்ச குழாய். மொதத்தடவ வெடிச்சப்ப கீழ முழங்கால் தண்ணி, நானும் எம்பையனும் ராத்திரி பூரா எறைச்சோம்."